பேட்டரிக்கு ஜாமீன்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வேனை நான் ஒன்பது வருடம் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வேன் என்றதும் சிவப்பு விளக்கும் மணியும் வைத்த வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய வேன், அவ்வளவுதான். காலையில் வெளிக்காட்டுக்கு உரமூட்டை ஏற்றும். அப்புறம் ஆபீஸில் எல்லோருக்கும் மேலே இருந்த பெரிய கிராணியைச் சிரம்பான் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகும். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பின்னால் பலகையைப் போட்டுப் பாயை விரிப்போம், அந்த நேரத்துக்கு அது ஆஸ்பத்திரி வேன் ஆகிவிடும். தோட்டம் போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே நாலு மைல். செம்மண் பாதை. மழை பெய்தால் பஸ் வரும் இடம் வரைக்கும் நடந்து போகக்கூட முடியாது. அதனால் வேன் கிளம்பினால்தான் நோயாளிக்கு ஆஸ்பத்திரி.

எழுபதுகளின் கடைசியில் அதன் பேட்டரி செத்துப் போனது. சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் ஒரு சீனர் கடையில் புதுசு வாங்கி மாட்டினார்கள். கூடவே கையகலத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை வந்தது. தலைப்பில் ‘காட் ஜாமினான்’ என்று மலாயில் அச்சடித்திருந்தது. ஒன்றரை வருடத்துக்குள் பேட்டரி கெட்டால் வேறு பேட்டரி தருகிறோம் என்று கடைக்காரர் பொறுப்பேற்றுக்கொள்ளும் அட்டை அது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். மாதம் ஒரு தடவை வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். கடை ஆள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேறு இடத்தில் சார்ஜ் போடக்கூடாது. பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் கம்பி கோத்து ஈயமுத்திரை வைத்திருக்கிறார்கள், அதை உடைத்து பேட்டரியைக் கழற்றக்கூடாது. கம்பி மாட்டும் ஈயத் தலையில் வாங்கிய மாதத்துக்கு ஓர் எழுத்தும் வருடத்துக்கு எண்ணும் குத்தியிருக்கிறது, அது சிதையக்கூடாது. இதில் ஒன்று தப்பினாலும் அட்டை செல்லாது.

“வெளங்குச்சா?” என்றார்.

விளங்கியது என்றேன். சொன்னதைச் செய்கிற ஆள் என்று எனக்குத் தோட்டத்தில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் ஜாமினான் ஒரே வாரத்தில் ஜாமீன் ஆகிவிட்டது. போலீஸ் கேஸில் ஜாமீனில் வந்தவன் மாதாமாதம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவான் அல்லவா? நான் வண்டியை எடுத்துக்கொண்டு தெமியாங்குக்குக் கிளம்பினால், டிரைவர் ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறார் என்று கிணற்றடியில் சிரிப்பார்கள். என் மனைவி அவர்களுக்கு மேல். ஜாமீன் பேட்டரிக்கா உங்களுக்கா என்று கேட்டாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அவள் கேலி பேசுகிற நாட்களில் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

பேட்டரி நாலு மாதம் ஒழுங்காக இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலையில் சாவியைத் திருகினேன், கிழவன் இருமுகிற மாதிரி இரண்டு தடவை முனகிவிட்டு நின்றுவிட்டது. விடியற்காலையில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்கு வந்திருந்த ஆண்கள் தள்ளினார்கள். கிளம்பியது. மறுநாளும் அதே கதை. பேட்டரிக்குள் ஏதோ ஓர் அறை கெட்டிருக்கிறது, ராத்திரி முழுக்க நின்றால் சத்து இறங்கிவிடுகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. சரி, அட்டை எதற்கு இருக்கிறது என்று சந்தோஷமாகவே தெமியாங்குக்கு ஓட்டினேன்.

அங்கேதான் கழுத்தறுப்பு. தோட்டத்திலிருந்து கடைக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேர ஓட்டத்தில் பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறிவிடும். கடை முதலாளி தவுக்கே பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தால் முள் துள்ளிக்கொண்டு பச்சையில் போய் நிற்கும். பாகுஸ், நல்லாத்தான் இருக்கு என்று முத்திரையைக் குத்திக் கையில் கொடுத்துவிடுவார். காலையில் வந்து பாருங்கள் என்றேன். கடையை விட்டுவிட்டு உன் தோட்டத்துக்கு வர எனக்கென்ன பைத்தியமா என்றார். ஒரு ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுப் போ, பார்க்கிறேன் என்றார். கிராணியிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி வண்டியை டவுனில் விட்டுவிட்டு வருவாயா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பேட்டரியை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்றால் ஈயமுத்திரை. போர்டிக்சனில் தெரிந்த பட்டறையில் ஒரு ராத்திரி சார்ஜ் போடலாம் என்றால் அதற்கும் நிபந்தனை. சரி, புது பேட்டரி வாங்கித் தாருங்கள் ஐயா என்றால், ஜாமீன் அட்டை உயிரோடு இருக்கும்போது புதுசு கேட்டு மேலிடத்துக்கு எழுத முடியாது என்று அட்டையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பேட்டரி பாதி செத்துவிட்டது. அட்டை மட்டும் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது.

அதற்குப் பிறகு நான் சரிவு தேடி வாழ்ந்தேன். டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் ரப்பர் பால் கொண்டுவந்து ஊற்றும் பால்கொட்டகைக்கு இறங்கும் பாதையில் வண்டியை மூக்கு கீழே பார்த்தபடி நிறுத்துவேன். காலையில் பிரேக்கை விட்டால் தானாக உருளும், இரண்டாவது கியரில் விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். எங்கே போனாலும் முதலில் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் கண் போகும். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். மாதம் ஒரு தடவை தெமியாங், முத்திரை, திரும்பவும் சரிவு. இரவு சோறு சாப்பிடும்போது இந்தப் புராணத்தை மனைவியிடம் பாடுவேன். ஈயமுத்திரை, எழுத்து, எண், மீட்டர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அட்டையின் நிபந்தனைகளை என்னைவிட அவள் நன்றாகச் சொல்வாள்.

அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். இந்த முறை மூன்றாம் மாதம் தாண்டியது, நாலு தாண்டியது. டிரசர், அதாவது எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், வலி என்று சொன்னவுடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இங்கே ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் பக்கத்து வீட்டில் அது நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துத் தச்சர். அவர் மனைவிக்கு அது முதல் பிரசவம். சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது. என் மனைவியை அக்கா அக்கா என்று சுற்றிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பத்து பத்தரை மணிக்கு வலி எடுத்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் காட்டில். தச்சரும் வெளிக்காட்டில் பாலம் போடப் போயிருந்தார். என் சரிவில் முந்தின ராத்திரியே பால் லாரி வந்து நின்றிருந்ததால் நான் வண்டியை லயத்துக்கு முன்னால் சமதரையில் போட்டிருந்தேன், காலையில் அதை எடுக்கவும் இல்லை. பாயை விரித்து, அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, சாவியைத் திருகினேன். முனகல்கூட வரவில்லை.

தள்ளுவதற்கு இருந்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பெண்களும் இரண்டு கிழவர்களும்தான். விடியற்காலை மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. வண்டி ஓர் அடி போகும், வழுக்கி நிற்கும். பாரத்தைக் குறைக்க வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணையே கீழே இறக்கினோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சாக்கின் மேல் நின்று, தன்னைக் கொண்டுபோக வேண்டிய வண்டியை மற்றவர்கள் தள்ளுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் என் மனைவியும் வண்டியின் பின்பக்கம் கையை வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். தள்ளிப் போடி என்று கத்தினேன். அவள் கையை எடுக்கவில்லை. லாரிக்காரனைத் தேடிப் பிடித்து லாரியை நகர்த்தி, வேனைச் சரிவுவரை உருட்டிக் கிளப்புவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது, உயிர் இல்லாமல். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே என்று நர்ஸ் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. விதி என்றார்கள். தச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்ன செய்வீங்க அண்ணே என்று அழுதார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் நேரே ஆபீஸுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, இனியாவது ஒரு புது பேட்டரி வாங்கித் தாருங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். கிராணி வருத்தப்பட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டிராயரைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“இன்னும் ஆறு மாசம் இருக்குப்பா. இத வச்சுக்கிட்டு நான் எப்படி மேல எழுதுவேன்? தவுக்கேகிட்ட நல்லா அழுத்திப் பேசு லா.”

அந்த வாரமே போய் அழுத்திப் பேசினேன். முள் பச்சையில் நின்றது. தவுக்கே முத்திரை குத்தினார். நான் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தேன். பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அதற்கப்புறம் வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கதவு சாத்தியே இருக்கும். என் மனைவி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், ஒண்ணுமில்ல என்பாள். என்னையும் அவள் கேலி செய்வதை விட்டுவிட்டாள். ஜாமீன் என்ற பேச்சை நான் எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மூன்று மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அன்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பால்வெட்டுக் கத்தி, வாளி, பால் லாரி, கிராணியின் டைப்ரைட்டர் உட்பட. நான் வேனை வீட்டு முன்னால் கொண்டுவந்து கழுவினேன். மனைவிக்கு எட்டாம் மாதம். வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று பானெட்டுக்குள் குனிந்திருக்கிறாள். கையில் புளி. வண்டி ஓடுறதே இதாலதானே, இதுக்குத்தான் மொதல்ல பூஜை என்று பேட்டரியின் ஈயத் தலையைக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கொட்டாங்கச்சியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அருகில் நின்றாள். அவள் வெளியே வந்து நின்றதைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாகிவிட்டது. விழுந்து கிழுந்து வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கப் போய்விட்டேன். பிறகு பார்க்கும்போது பேட்டரித் தலை இரண்டும் வெள்ளியாக மின்னின. மேலே சந்தனம், நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, சரிவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அடுத்த மாத முத்திரைக்குப் போனபோது தவுக்கே பானெட்டைத் திறந்தார். காய்ந்துபோன சந்தனத்தைத் துணியால் துடைத்தார். குனிந்து பார்த்தார். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

“நொம்போர் மானா?” என்றார், எண் எங்கே என்று.

நானும் குனிந்தேன். எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. வழவழவென்று என் முகம் தெரிகிற அளவுக்கு இருந்தது. சாமி கும்பிட்டோம், என் வீட்டில் விவரம் தெரியாமல் தேய்த்துவிட்டாள் என்று மலாயில் திக்கித் திணறிச் சொன்னேன். பதினைந்து முத்திரை நீங்களே குத்தியிருக்கிறீர்களே என்று அட்டையை நீட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எண் இல்லாமல் எந்த பேட்டரி என்று கம்பெனிக்காரன் கேட்பானே என்றார். அட்டையின் குறுக்கே நீலப் பேனாவால் ‘பாத்தால்’ என்று எழுதினார். செல்லாது என்று அர்த்தம்.

கிராணி கத்தவில்லை. அவர் கத்தினதே கிடையாது. உன் பெண்டாட்டிக்கு விளக்குத் தேய்க்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். ஆபீஸில் இருந்த சின்னக் கிராணிகள் சிரித்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் டைப் செய்து, என்னையே கையெழுத்துப் போட வைத்தார். எத்தனையோ வருட வேலையில் அதுதான் எனக்கு முதல் கடிதம். அதை மடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்து வருவதற்குள் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படிக்காத கழுதை என்றேன். மூளை இருக்கிறதா என்றேன். வருடக்கணக்காக நான் காப்பாற்றின பெயர் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். லயமே கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பெண் அதன் பின்னால் நின்றிருந்தாள். என் மனைவி என் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை. கீரையை முழுக்க ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். எட்டரை மாதக் கர்ப்பிணியை அப்படித் திட்டின வாய் என்னுடையது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இனி அட்டை இல்லை. அட்டை இல்லாததால் மேலே எழுதக் கூடாது என்று சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. கிராணி எழுதினார். பத்தே நாளில் புது பேட்டரி வந்தது. இந்த முறை போர்டிக்சன் பட்டறையில் வாங்கினார்கள், அட்டையும் இல்லை, ஈயமுத்திரையும் இல்லை. சாவியைத் திருகினேன். தொட்டவுடன் கிளம்பியது. சமதரையில். நான் அணைத்துவிட்டுத் திரும்பவும் திருகினேன். ஐந்தாறு தடவை அப்படிச் செய்தேன். பைத்தியம் பிடித்தவன்போல இருந்திருப்பேன்.

அதற்குப் பதினோராம் நாள் மத்தியானம் அவளுக்கு வலி வந்தது. கொட்டுகிற மழை. வேன் வீட்டு வாசலில்தான் நின்றது, ஒரே திருகலில் கிளம்பியது. முக்கால் மணி நேரத்தில் சிரம்பான். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் இரண்டு பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். பெண் குழந்தை. என் கையில் கொடுத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் பார்க்கும் நேரத்தில் போனேன். மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், என் வாய்க்கு வந்த விதத்தில்தான் கேட்டேன். நீ தெரியாமல் செய்த தப்பு கடைசியில் நல்லதாகத்தான் முடிந்தது, சாமிதான் உன் கையைப் பிடித்து அப்படிச் செய்ய வைத்தது என்றேன். அவள் குழந்தையின் முகத்தைத் துணியால் ஒற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. களைப்பாகத்தான் இருந்தாள்.

“தெரியாமயா? புளி போட்டா ஈயத்துல இருக்கிற எழுத்து போவுமாங்க? உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். நீங்க சக்கரத்துக்கிட்ட போற வரைக்கும் காத்திருந்து தேச்சேன்.”

உப்புத்தாள் உனக்கு ஏது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மரத்தைத் தேய்க்கும் அந்தத் தாள் எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கும்.

“அவதான் கொண்டாந்தா. எனக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு அழுதா. நீங்க சத்தம் போட்டப்ப வந்து சொல்லிடறேன்னு நின்னா. நான்தான் வேணாம்னு கண்ணக் காட்டினேன்.”

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஈயமுத்திரை, நிபந்தனை, கிராணி என்று ஆரம்பித்திருப்பேன். அவளிடமிருந்து தாளைப் பிடுங்கிக்கூட இருப்பேன்.

ஒன்பதாம் நாள் அவளையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வேன் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள், கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, பழக்கப்பட்டவள்போல. பிறகு என்னைப் பார்த்து, வண்டி ஒடனே கெளம்புச்சா அண்ணே என்று கேட்டாள். கிளம்பியது என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். எழுத்தை அழிக்க என் மனைவிக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய எனக்கு ஏழு மாதம் இருந்தது, இந்தப் பெண்ணின் பிள்ளை வயிற்றில் வளர்ந்த நாளெல்லாம் இருந்தது. அவள் எங்கள் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.